இரண்டின் மேல் ஒரு கூரை

மனிதர்கள் எண்ணத் தொடங்காத, புழுவும் பூச்சியும் தங்களுக்குள் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு காட்டாற்றின் ஓரம் ஒரு சோலை இருந்தது. அதன் நடுவில் பாறையில் குடைந்ததுபோல் ஒரு சுனை. நான்கு கரையும் ஒரே நீளம், நான்கு மூலையும் நேர் மூலை. அதன் ஒரு கரைதான் அந்தச் சோலைக்கு அளவு. இந்தக் கிளை அரைக் கரை, அந்த எறும்புப் பாதை ஏழரைக் கரை, கறையான் புற்று முக்கால் கரை என்றுதான் எல்லாரும் பேசினார்கள்.

சோலைக்கு ஒரு சட்டம் உண்டு. அளவு சொல்லப்படாத எதற்கும் அங்கே இடமில்லை. புதிதாக எவரும் ஒன்றைக் கட்டினாலும் தோண்டினாலும், பொழுது சாய்வதற்குள் அதன் அளவைத் தேரையாரிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் கட்டியதை அறுத்துவிடுவார்கள், தோண்டியதை மூடிவிடுவார்கள்.

தேரையார் சுனைக்கு மேற்கே நின்ற பாறையின் இடுக்கில் இருந்தார். கிழத் தேரை அவர். யார் போய் நின்றாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"மேல் எண் என்ன, கீழ் எண் என்ன?"

கரையை எத்தனை பங்காக்கினாய் என்பது கீழ் எண். அந்தப் பங்கில் எத்தனை பிடித்தது என்பது மேல் எண். முக்கால் என்றால் மேலே மூன்று, கீழே நான்கு. இரண்டையும் நகத்தால் பாறையில் கீறுவார். அதோடு அந்தப் பொருள் சோலையில் பிறந்ததாக ஆகும்.

அளப்பது அளவியின் வேலை. அளவி ஒரு பச்சைப் புழு. இன்று இலைக்காம்பில் முதுகை வளைத்து வளைத்து நடக்கிறதே, அந்த இனம். ஆனால் அன்று அவள் இத்தனை சிறியவள் இல்லை. முழு முழம் இருந்தாள். வாலைத் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, தலையை முன்னே எறிந்து அவள் ஐந்து அடி வைத்தால் சரியாக ஒரு கரை. அரை அடிக்கும் கால் அடிக்கும் உடம்பை மடித்துக்கொள்வாள். அதையும் விட நுணுக்கமாக அளக்க வேண்டுமானால் உடம்பையே சுருக்க வேண்டும். சுருங்கினால் சுருங்கியதுதான், பிறகு நீளாது. அதற்கு அவசியம் வந்ததே இல்லை. அவள் அளந்து பெயர் சொல்ல முடியாத நீளம் ஒன்று உண்டென்று அவளும் நினைக்கவில்லை, வேறு எவரும் நினைக்கவில்லை.

அவள் இனத்துக்கு இன்னொரு வழக்கம் இருந்தது. பருவம் வந்ததும் வாயில் பட்டிழை ஊறும். பதினைந்து நாள் அது ஈரமாக இருக்கும். அதற்குள் கூடு நூற்று உள்ளே போய்விட வேண்டும். போனால் சிறகு. போகாவிட்டால் இழை காய்ந்துவிடும், பிறகு ஒன்றும் இல்லை. ஆனால் எண்ணி முடிக்காத ஓர் அளவை மனதில் வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகக் கூடாது. கூட்டுக்குள் உடம்பு கரைந்து மறுபடி சேரும்போது, அந்த முடியாத அளவு இரண்டு சிறகில் ஒன்றைக் குறையாக்கிவிடும் என்று சொல்வார்கள்.

அளவிக்கு இழை ஊறத் தொடங்கிய அன்று காலையில்தான் இழையாள் என்ற சிலந்தி வந்தாள்.

"அளவி, ஒரு அளவு வேணும்டி."

"இன்னைக்கா அக்கா? வாய் இனிக்கத் தொடங்கிடுச்சு. என் தங்கை தவிட்டி நேத்தே கிளையைப் பிடிச்சுட்டா."

"ஒரே ஒரு நூல்தான். உனக்கு அது எத்தனை அடி? நடந்தா முடிஞ்சது." இழையாள் சுனையைக் காட்டினாள். "இந்த மூலையில மருத மரம், எதிர் மூலையில புங்க மரம். குறுக்கே ஒரு நூல் கட்டி, நடுவுல என் முட்டைப்பையைத் தொங்கவிடப்போறேன். கீழே தண்ணி. குளவி வராது, எறும்பு ஏறாது."

அந்தக் காலத்துச் சிலந்திகள் நூலை முதலில் அளந்து நறுக்கிக்கொள்ளும், அதன் பிறகே கட்டும். அளவு தெரியாமல் ஒரு சாண் நூலைக்கூட வெளியே விடாது.

நீர்மேல் நடக்க முடியாது என்பதால், சுனையைப் போலவே நான்கு கரையும் சமமாக மணலில் ஒரு சதுரம் கீறிக்கொண்டு, அளவி அதன் குறுக்கே நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது அடி வைத்தபோது எதிர் மூலை வந்துவிட்டது. இல்லை, வரவில்லை. நம் சுட்டுவிரலின் ஒரு கணு அளவு மீதி இருந்தது.

அவள் அந்த இடைவெளியைப் பார்த்தாள். மடித்துப் பார்த்தாள். அரை அடியில் அடங்கவில்லை, கால் அடியிலும் இல்லை. உடம்பைச் சுருக்கித்தான் பிடிக்க வேண்டும். மேலே கிளையில் தவிட்டி பாதிக் கூட்டை நூற்றுவிட்டிருந்தாள். அளவியின் வாயில் இழை இனித்தது. முடிச்சுப் போடுகிற இடத்தில் இந்தக் கணு போய்விடும் என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். பிறகு தேரையாரிடம் போனாள்.

"மேல் எண்?"

"ஏழு."

"கீழ் எண்?"

"ஐந்து."

தேரையார் கீறினார். அவள் விட்டது ஒரு கணுதான். சோலையில் நடந்தது அத்தனையும் அந்த ஒரு கணுவிலிருந்து வந்தது.

அளவி சொல்வது தப்பாது என்று நம்பி, இழையாள் முடிச்சுக்கு வேண்டியதை மட்டும் கூட்டி நூலை நறுக்கினாள். கட்டும்போது நூல் எட்டவில்லை. நறுக்கிய நூலை நீட்ட முடியாது. இழுத்தாள். முறுக்கேற்றி இழுத்தாள். புங்க மரத்தின் பட்டை ஓரத்தில் ஒரு நுனி பிடித்தது. அங்கேயே கட்டினாள். வெண்பட்டு உருண்டை போன்ற முட்டைப்பையை நடுவில் தொங்கவிட்டுக் கரையில் உட்கார்ந்தாள்.

நண்பகலில் ஆற்றுப்பக்கமிருந்து காற்று வந்தது. பெரிய காற்று இல்லை. புங்கம்பூ நான்கைந்து உதிர்ந்தது. பட்டை விட்டது. பை நீரில் விழுந்து, கொஞ்ச நேரம் மிதந்து, நனைந்து, கனத்து, உள்ளே போயிற்று.

அளவி தன் கூட்டுக்கு முதல் இழையை வைத்துக்கொண்டிருந்தாள். இழையாள் அவள் கிளைக்கு ஏறி வந்தாள். கத்தவில்லை.

"எவ்வளவு விட்டே?"

அளவி வைத்த இழையை வாயிலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கேக்கிறேன்ல. எவ்வளவு?"

"ஒரு கணு."

"ஒரு கணு," என்றாள் இழையாள். அதை மறுபடியும் சொன்னாள். பிறகு, "என் வயித்துல இன்னும் ஒரு பைக்குத்தான் முட்டை இருக்கு. பன்னிரண்டு நாள்ல இறக்கியாகணும். சரியான நீளம் எனக்கு வேணும். இந்தத் தடவை முழுசா" என்றாள்.

அளவி தன் கூட்டின் முதல் இழையைத் தானே அறுத்துக்கொண்டு இறங்கினாள்.

அன்றே உடம்பைச் சுருக்கினாள். சாண் அளவு ஆனாள். இப்போது கரைக்குப் பன்னிரண்டு அடி. மணல் சதுரத்தின் குறுக்கே நடந்தாள். பதினேழாவது அடி மூலையைத் தாண்டிவிட்டது. ஒரு நெல்மணி அளவு கூடுதல்.

மறுபடி சுருங்கினாள். அதற்கு மூன்று நாள் ஆயிற்று, மூன்று நாளும் வலி. நான்கு விரல் அகலம் ஆனாள். கரைக்கு இருபத்தொன்பது அடி. குறுக்கே நாற்பத்தொன்று. இம்முறை கடுகளவு குறைந்தது.

"விட்டுடேன்," என்றார் தேரையார் தம் இடுக்கிலிருந்து. "கடுகுதானே? கீறிக்கிறேன்."

"போன தடவையும் கீறிக்கிட்டீங்க ஐயா."

தேரையார் கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் மறுபடி சுருங்கினாள். ஐந்து நாள். அதற்குள் தவிட்டி கூட்டை உடைத்து வெளியே வந்துவிட்டாள். தவிட்டு நிறத்தில் இரண்டு சிறகு, இரண்டும் ஒன்றுபோல. அவள் அக்காளைச் சுற்றிச் சுற்றிப் பறந்தாள்.

"அக்கா, நீதானா இது? இத்துனூண்டு ஆயிட்டியே! என்னைத் தூக்கி முதுகுல வெச்சுக்கிட்டு நடப்பே."

"சிறகு கனக்குதாடி?"

"கனமே இல்லை. காத்து வந்து தானா எடுத்துக்குது. வந்து பாரு, சீக்கிரம் வா."

"இதை முடிச்சுட்டு வர்றேன்."

கரைக்கு எழுபது அடி. குறுக்கே தொண்ணூற்றொன்பது. மூலையில் வந்து அவள் தலையை வைத்தபோது சரியாக இருந்ததுபோல் இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தாள். ஒரு மயிரிழை கூடுதல்.

அப்போதுதான் தன் உடம்பைப் பார்த்தாள். முதல் நாள் அவள் விட்டுவிட்டு வந்த மிச்சம் எவ்வளவு இருந்ததோ, கிட்டத்தட்ட அவ்வளவாகவே ஆகியிருந்தாள். ஒரு கணு.

பன்னிரண்டாம் நாள் வந்தது. இழையாளுக்கு வயிறு கனத்து நடக்க முடியவில்லை.

"அளவி, கிடைச்சுதா?"

"இல்லக்கா."

"கிட்டத்துலயாவது?"

"ரொம்பக் கிட்ட. ஆனா அது இல்லை. ஒருக்கா கூடுது, ஒருக்கா குறையுது. சுருங்கச் சுருங்கக் கிட்ட போறேன். போய்ச் சேர மாட்டேங்குது."

இழையாள் மருத மரத்தில் ஏறினாள். அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. அதுவரை எந்தச் சிலந்தியும் செய்யாததைச் செய்தாள். அளக்காமல், நறுக்காமல், வயிற்றிலிருந்து நூலைக் காற்றில் விட்டாள். நூல் நீண்டது, அலைந்தது, வெயிலில் ஒருமுறை மின்னியது, எதிரே புங்க மரத்தைத் தொட்டது. தொட்ட இடத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் அதன்மேல் நடந்துபோய், மரத்தோடு மரத்தை இறுக்கிக் கட்டினாள். கூடுதல் இல்லை, குறைவும் இல்லை.

அளவி கீழிருந்து அதைப் பார்த்தாள். அவள் பன்னிரண்டு நாள் தேடிய நீளம் அதோ கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. முழுதாக, அமைதியாக. அதற்கு எண் மட்டும் இல்லை.

இழையாள் பையைத் தொங்கவிட்டு இறங்கியபோது பொழுது சாய இன்னும் மூன்று பனை உயரம் இருந்தது.

"அறுக்க வருவாங்க," என்றாள் அளவி. "அளவு சொல்லலையே."

"நீ சொல்லு."

"என்னன்னு சொல்ல?"

இழையாள் களைத்துப்போய் மணலில் உட்கார்ந்தாள். பின்னுகிறவள் அவள், கணக்குப் போடுகிறவள் இல்லை. அவளுக்கு வந்தது பின்னுகிறவளின் யோசனை. "அது எவ்வளவுன்னு கேக்காதே. அதை வெச்சு என்ன கட்டலாம்னு கேளு."

அதே நீளத்தில் நான்கு நூலை எடுத்து மணலில் ஒரு சதுரம் போட்டாள். அதன் மூலைக்கு மூலை குறுக்கே இரண்டு நூல். சதுரத்துக்குள் நான்கு முக்கோணம் விழுந்தது. ஒரு முக்கோணத்தை அப்படியே தூக்கிக்கொண்டு போய், குறுக்கு நூல் இரண்டாக வெட்டிய சுனையின் ஒரு பாதிமேல் வைத்தாள். அது இம்மியும் பிசகாமல் உட்கார்ந்தது.

"பாதிச் சுனை," என்றாள் அளவி மெல்ல. "இங்கே அப்படி நாலு பாதி. அப்ப ரெண்டு சுனை."

"மிச்சம்?"

"மிச்சம் இல்லை அக்கா. மயிரிழைகூட இல்லை. இந்த நூலை அதே நூலால பெருக்கினா ரெண்டு. சரியா ரெண்டு."

இருவரும் பாறைக்குப் போனார்கள். அறுப்பதற்கு வந்த கட்டெறும்புகள் ஏற்கெனவே மருத மரத்தடியில் வரிசை கட்டி நின்றன.

"மேல் எண் என்ன, கீழ் எண் என்ன?" என்றார் தேரையார்.

"அதுக்கு அந்த ரெண்டும் இல்லை ஐயா. தன்னைத் தன்னால பெருக்கினா ரெண்டு ஆகும். அதுதான் அதோட அளவு."

"நான் கேட்டது ரெண்டு எண். நீ சொல்றது விடுகதை. இன்னும் சுருங்கித் தேடு, எங்கேயாவது அகப்படும்."

"அகப்படாது. அப்படி ரெண்டு எண் இருக்குன்னே வெச்சுக்குங்க. மேல் எண்ணைத் தன்னாலயே பெருக்கினா, கீழ் எண்ணைத் தன்னால பெருக்கினதுக்கு ரெட்டிப்பா வரணும். அப்ப மேல் எண் இரட்டைப்படை. சரியா?"

"சரி."

"மேல் எண் இரட்டைப்படைன்னா அதைத் தன்னால பெருக்கினது நாலால வகுபடும், அப்ப கீழ் எண்ணும் இரட்டைப்படை ஆகித்தான் தீரணும். கீறிப் பாருங்க."

தேரையார் நகத்தால் பாறையில் வெகு நேரம் கீறினார். "ஆமாம்," என்றார்.

"ரெண்டும் இரட்டைப்படைன்னா ரெண்டையும் பாதியாக்கலாம். அந்தப் பாதிகளும் அதே நீளத்துக்குத்தான். அப்ப அதுங்களும் இரட்டைப்படை. மறுபடி பாதி, மறுபடி பாதி. ஒரு எண்ணைப் பாதியாக்கிட்டே போனா எங்கேயாவது ஒத்தைப்படையில நிக்கணும் இல்லையா? இது நிக்காது. அதனால அப்படி ரெண்டு எண் கிடையாது. நான் முழத்துல இருந்து கணு ஆனதுதான் மிச்சம்."

தேரையார் வெகு நாளைக்குப் பிறகு இடுக்கை விட்டு வெளியே வந்து, சுனைக்குக் குறுக்கே நின்ற நூலைப் பார்த்தார்.

"மரத்துல முறுடு இருக்கும், பார்த்திருக்கியா? அந்தக் கணுவை எப்படிப் பிளந்தாலும் ஒழுங்காப் பிளவாது. இதுவும் ஒரு முறுடு," என்றார். "பொய்யில்லைன்னு தெரியுது. ஆனா நான் எதைக் கீற? பாறையில எழுத்து இல்லாம அது பிறந்ததா ஆகாது. அறுக்கத்தான் வேணும்."

வெயில் புங்க மரத்தின் அடியை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

"இரண்டுன்னு கீறுங்க," என்றாள் அளவி.

அவர் பாறை முகத்தில் இரண்டு என்ற எண்ணைக் கீறினார்.

அளவி பாறைமேல் ஏறினாள். அந்த எண்ணுக்கு இடப்புறம் வாலை ஊன்றினாள். அங்கிருந்து உடம்பைச் சரிவாகக் கீழே இறக்கி, ஒரு முனையில் மடித்து, நெட்டுக்கு மேலே ஏற்றி, கழுத்தையும் தலையையும் இரண்டின் மேல் கூரைபோல் நீட்டினாள். பிறகு வாயைத் திறந்து, ஊறியிருந்த பட்டிழை முழுவதையும் எடுத்துத் தன்னைப் பாறையோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏய், அது உன் கூட்டுக்கு உண்டானதுடி," என்று இழையாள் கத்தினாள். "வேற இழை ஊறாது. இறங்கு!"

"தெரியும்."

"இன்னும் மூணு நாள் இருக்கு. அளவைத்தான் சொல்லிட்டியே! கணக்கு முடிஞ்சுது, நீ கூட்டுக்குப் போகலாம்."

"எழுதினாத்தான் முடிஞ்சது அக்கா. இதுதான் எழுத்து. இந்தக் கூரைக்குள்ள இருக்கிற வரைக்கும் அதை யாரும் ஏழுன்னும் ஐந்துன்னும் நறுக்க வேண்டாம்."

கட்டெறும்புகள் தேரையாரைப் பார்த்தன. அவர் பாறையைப் பார்த்தார். தவிட்டி வந்து அக்காளின் முதுகருகே சிறகை அடித்து அடித்து, "வா, வா" என்றாள். அளவி அசையவில்லை. அசைந்தால் எழுத்து கலைந்துவிடும்.

"எழுதியாயிற்று," என்றார் தேரையார். "நூல் இருக்கட்டும்."

கட்டெறும்புகள் திரும்பின. பிறகு அவர் எல்லாரும் கேட்கும்படி இன்னொன்றும் சொன்னார். "பங்கு போடும்போது மட்டும் இந்தக் கூரையைக் கீழ் எண்ணா நிறுத்தாதீங்க. எத்தனை பங்குன்னு எண்ணத் தெரியணும். கீழே வந்துட்டா மேலே ஏத்திவிட்டுடுங்க. அவ நிறையத் தாங்கிட்டா."

பன்னிரண்டு நாள் கழித்துக் குறுக்கு நூலின் நடுவில் பை திறந்தது. நூற்றுக்கணக்கில் சின்னச் சிலந்திகள் வெளியே வந்தன. எவரும் அவற்றுக்கு அளக்கச் சொல்லித் தரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நூலைக் காற்றில் விட்டது, தொட்ட இடத்தில் கட்டிக்கொண்டது. பாறையில் அளவி அதற்கு முன்பே காய்ந்துபோயிருந்தாள். மழை வந்து உடம்பைக் கரைத்துக் கொண்டுபோனது. பட்டிழை பாறையில் பதிந்து, கோடாக நின்றது.

அந்த நாளுக்குப் பிறகுதான், அளவியின் இனத்தில் பிறந்த ஒவ்வொரு பச்சைப் புழுவும் கணு அளவே இருக்கிறது. குச்சியின் முடிவுக்கு வந்ததும் பாதி உடம்பைத் தூக்கி, அங்கே இல்லாத ஒரு மூலையைக் காற்றில் தொட்டுத் தொட்டுத் தேடுகிறது. யாராவது தொட்டால் பாறையில் ஒட்டியதுபோல் விறைத்து நின்றுவிடுகிறது. அன்று முதல்தான், வகுத்து வகுத்துப் பார்த்தும் முடியாத ஓர் எண்ணின் முன்னால் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, அதன் இடப்புறம் வாலை ஊன்றி, கீழே இறக்கி, மேலே ஏற்றி, முதுகைக் கூரையாக நீட்டி வர்க்கமூலக் குறியைப் போட்டுவிட்டு, விடை முழுதாக வந்துவிட்டது என்று பென்சிலைக் கீழே வைக்க முடிகிறது.